ஈகோர்ட்ஸ் தளத்தில் குற்ற வழக்கு கிடைக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கும் குற்ற வழக்கின் நிலையை ஈகோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். ஆனாலும் வக்கீல் குமாஸ்தாவான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "தேடிப் பார்த்துட்டோம், ஒண்ணும் வரலைங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் வழக்கு அங்கேதான் இருக்கும், தேடிய இடம்தான் வேறாக இருக்கும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை. தளத்தில் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று நம்பி, வாய்தாவுக்குப் போகாமல் இருந்து வாரன்ட் வாங்கியவர்கள் உண்டு. அதே பெயரில் வேறு யாருடைய வழக்கோ வந்ததைப் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தத்தை நிறுத்தியவர்களும் உண்டு. அதனால் அடிக்கடி வரும் சிக்கல்களை, செலவில்லாத சோதனையில் தொடங்கி வக்கீலிடம் போக வேண்டிய கட்டம் வரை, அறிகுறி வாரியாக எழுதுகிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களை வைத்து.

தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஃப்ஐஆர் நகல், சம்மன், ஜாமீன் உத்தரவு என்று எந்தத் தாள் இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: சிஎன்ஆர் எண் (ஈகோர்ட்ஸில் ஒவ்வொரு வழக்குக்கும் விழும் தனி எண்), வழக்கு எண், குற்ற எண் (எஃப்ஐஆர் எண்), காவல் நிலையத்தின் பெயர்.

சிஎன்ஆர் எண் இருந்தால் வேலை சுலபம். எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள். தமிழ்நாட்டு வழக்கென்றால் டிஎன் என்று தொடங்கும், கடைசி நான்கு இடங்களில் ஆண்டு இருக்கும். நடுவில் கோடோ இடைவெளியோ இல்லாமல் அடிக்க வேண்டும். சரியாக அடித்தும் வரவில்லை என்றால், பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிஎன்ஆர் இல்லாவிட்டால் குற்ற எண்ணும் காவல் நிலையமும்தான் துணை. வழக்கு கோர்ட் மாறும்போது வழக்கு எண் மாறும், சிஎன்ஆர் கூட மாறும். குற்ற எண் மட்டும் கடைசி வரை மாறாது. கீழே பல இடங்களில் அதற்கே திரும்பி வருவோம்.

அறிகுறி 1: பெயரில் தேடினால் "ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது

*நிலுவையா, முடிந்ததா?* தேடும் பக்கத்தில் நிலுவை வழக்கு, முடிந்த வழக்கு, இரண்டும் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். நிலுவையில் மட்டும் தேடிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டும் என்பதை அழுத்தி மறுபடி தேடுங்கள்.

*ஆண்டு சரியா?* பெயரோடு ஓர் ஆண்டும் கேட்பார்கள். அது வழக்கு கோர்ட்டில் பதிவான ஆண்டு. சம்பவம் நடந்த ஆண்டைப் போடக்கூடாது. 2021-இல் அடிதடி, 2021-இலேயே எஃப்ஐஆர், ஆனால் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது 2023-இல் என்றால் வழக்கு 2023 கணக்கில்தான் இருக்கும். சம்பவ ஆண்டிலிருந்து தொடங்கி ஒவ்வோர் ஆண்டாக இன்று வரை போட்டுப் பாருங்கள்.

*எழுத்து சரியா?* அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பெயர்கள் ஆங்கிலத்தில் பதிவாகின்றன. ஆதாரில் இருப்பது ஒரு மாதிரி, எஃப்ஐஆரில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியது ஒரு மாதிரி, கோர்ட்டில் ஏற்றியது இன்னொரு மாதிரி. ஏழுமலைக்கு நடுவில் 'இசட் ஹெச்' போட்டவரும் உண்டு, ஒற்றை 'எல்' போட்டவரும் உண்டு. சண்முகத்துக்கு முதலில் 'எஸ் ஹெச்' போடுவார்கள், வெறும் 'எஸ்' போட்டும் முடிப்பார்கள். ஜெயராமனில் ஜே-க்குப் பின் 'ஏ' வரலாம், 'ஈ' வரலாம். லட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

முழுப்பெயரை அடிக்காதீர்கள். மூன்று எழுத்து போதும், தளம் தேடிவிடும். பெயரில் எந்தத் துண்டை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்களோ அதை மட்டும் அடியுங்கள். ஏழுமலைக்கு 'மலை', சண்முகத்துக்கு 'முகம்'. பட்டியல் நீளமாக வரும், பரவாயில்லை. இனிஷியலை விட்டுவிடுங்கள், அது பெயருக்கு முன்னும் இருக்கும், பின்னும் இருக்கும்.

*யார் பெயரைத் தேடுகிறீர்கள்?* போலீஸ் போட்ட வழக்கில் வாதி இடத்தில் இன்ஸ்பெக்டர் அல்லது எஸ்.ஐ. இருப்பார். புகார் கொடுத்த நீங்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டீர்கள். உங்கள் பெயரைத் தேடிவிட்டு "என் கேஸையே காணோம்" என்று பதற வேண்டாம், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரைத் தேடுங்கள். எதிரிகள் பலர் என்றால் வெளிப்பட்டியலில் முதல் எதிரியான ஏ1 பெயர் மட்டும் தெரியலாம். உள்ளே திறந்தால் மற்றவர்கள் இருப்பார்கள்.

*கோர்ட் வளாகம் சரியா?* மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, வளாகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தாலுகா கோர்ட்டில் உள்ள வழக்கை மாவட்டத் தலைநகரின் வளாகத்தில் தேடினால் வராது. சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2019-இலும் 2020-இலும் பிரிந்த மாவட்டங்கள் என்றால் தாய் மாவட்டத்திலும் ஒருமுறை தேடுங்கள். தென்காசிக்குத் திருநெல்வேலி, ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் வேலூர், செங்கல்பட்டுக்குக் காஞ்சிபுரம், கள்ளக்குறிச்சிக்கு விழுப்புரம், மயிலாடுதுறைக்கு நாகப்பட்டினம்.

*அப்புறமும் வரவில்லையா?* பெயர் தேடலை விட்டுவிட்டுக் குற்ற எண்ணுக்குப் போங்கள், அடுத்த அறிகுறியைப் பாருங்கள். எண்ணும் இல்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இ-சேவா மையம் இருக்கும், அங்கே கேட்டால் தேடித் தருவார்கள்.

சில வழக்குகள் தேடினாலும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 18 வயது நிரம்பாதவர் மீதான வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும், அவரை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. போக்சோவிலும் பாலியல் வன்கொடுமை வழக்கிலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் மறைக்கப்பட வேண்டும். எங்காவது தவறிப்போய்ப் பெயர் தெரிந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். அது தனிக் குற்றம், பாலியல் வன்கொடுமை வழக்கில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அறிகுறி 2: எஃப்ஐஆர் எண்ணைப் போட்டாலும் ஒன்றும் வரவில்லை

*கையில் இருப்பது எஃப்ஐஆர் எண்தானா?* முதலில் இதைப் பாருங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. அதிலும் எண், ஆண்டு, முத்திரை எல்லாம் இருக்கும். ஆனால் அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும்தான், வழக்கு இன்னும் பதிவாகவில்லை. சி.எஸ்.ஆர். எண்ணை வைத்து ஈகோர்ட்ஸில் எத்தனை முறை தேடினாலும் பயனில்லை. எஃப்ஐஆர் என்றால் தலைப்பிலேயே முதல் தகவல் அறிக்கை என்று இருக்கும். மேல் வரிசையில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண், நாள் வரும். பேச்சு வழக்கில் குற்ற எண், கிரைம் நம்பர் என்று சொல்வது இதைத்தான்.

சி.எஸ்.ஆர். மட்டும் இருந்து, எஃப்ஐஆர் ஆனதா என்று தெரியவில்லை என்றால், தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு கொடுத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னபடி எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற, வெளியிடத் தகாத வழக்குகளுக்கு விலக்கு உண்டு. புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம், ஸ்டேஷனில் தைரியமாகக் கேட்டு வாங்குங்கள்.

*நிலையம் சரியா?* ஒரே ஊரில் சட்டம் ஒழுங்கு நிலையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, மாவட்டக் குற்றப்பிரிவு என்று நான்கு இருக்கும். நான்குக்கும் தனித்தனியாக 1-இலிருந்து எண் ஓடும். வரதட்சணைப் புகாரை நகர நிலையத்தின் பெயரில் தேடினால் ஏதோ திருட்டு வழக்கு வந்து நிற்கும். எஃப்ஐஆரில் உள்ள நிலையப் பெயரை எழுத்து மாறாமல் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அந்த நிலையமே இல்லை என்றால், தேர்ந்தெடுத்த கோர்ட் வளாகம் தவறு என்று பெரும்பாலும் பொருள்.

*வழக்கு நம்பர் ஆகிவிட்டதா?* எஃப்ஐஆர் போட்ட மறுநாளே ஈகோர்ட்ஸில் வழக்கைத் தேடுகிறார்கள். போலீஸ் விசாரணை முடிந்து, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய், மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்த பிறகுதான் சி.சி. எண் என்கிற கோர்ட் வழக்கு எண் விழும். குறை கண்டு திருப்பி அனுப்பினால், சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யும் வரை நம்பர் ஆகாது. "சார்ஜ் ஷீட் போட்டாச்சு" என்று ஸ்டேஷனில் சொல்வதற்கும் தளத்தில் வழக்கு தெரிவதற்கும் நடுவில் மாதங்கள் ஓடுவது சாதாரணம். இடையில் ஜாமீன் மனு போட்டிருந்தால் அது மட்டும் தனியாகத் தெரியும், அதை முக்கிய வழக்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

*போலீஸே முடித்துவிட்டதா?* பொய்ப் புகார், உரிமையியல் தகராறு, எதிரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணம் சொல்லி விசாரணையை முடித்திருக்கலாம். அப்படியானால் அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்கு வந்திருக்க வேண்டும்.

*வக்கீலிடம் போக வேண்டிய கட்டம்:* ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் போங்கள். ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டு, தள்ளிப்போட்டால் சிக்கலாகும். நீங்கள் எதிரித் தரப்பாக இருந்து, உள்ளே இருப்பவரின் ரிமாண்டு 60 அல்லது 90 நாளை நெருங்கியும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். அந்த நாள் கணக்கை வைத்து ஜாமீன் உரிமை இருக்கிறது, குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அது போய்விடும்.

அறிகுறி 3: வழக்கு "டிஸ்போஸ்டு" என்று காட்டுகிறது, ஆனால் சம்மன் வருகிறது

கோர்ட் படியேறத் தெரியாதவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. டிஸ்போஸ்டு என்று பார்த்ததும் வழக்கு முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கோர்ட்டில் அந்த எண் முடிந்தது, அவ்வளவுதான்.

வழக்கைத் திறந்தால் முடிவின் தன்மை என்று ஒரு வரி இருக்கும். அதைப் படியுங்கள்.

*கமிட்டெட் என்று இருந்தால்:* கொலை, கொலை முயற்சி போன்ற செஷன்ஸ் வழக்குகள் முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண்ணில் பதிவாகும். ஆவண நகல்களை எதிரிகளுக்குக் கொடுத்து முடித்ததும் வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பி.ஆர்.சி. முடிந்தது என்று திரை காட்டும். அங்கே எஸ்.சி. என்று புது எண்ணோடு விசாரணை அப்போதுதான் தொடங்கும். கண்டுபிடிக்க எளிய வழி: மாவட்ட செஷன்ஸ் கோர்ட் இருக்கும் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, அதே காவல் நிலையம், அதே குற்ற எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கூடுதல் செஷன்ஸ், மகளிர் நீதிமன்றம் என்று எங்கே அனுப்பியிருந்தாலும் அந்த வளாகத்துக்குள் இருந்தால் வந்துவிடும்.

*ஸ்ப்ளிட் அப் என்று இருந்தால்:* எதிரிகளில் ஒருவர் வராமல் போனால் அவரை மட்டும் பிரித்துத் தனி எண் போடுவார்கள். மற்றவர்கள் விடுதலை ஆனாலும் பிரிக்கப்பட்டவர் மீது வழக்கு அப்படியே நிற்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. "அண்ணனுக்கு விடுதலை ஆயிடுச்சு, எனக்கும் ஆகியிருக்கும்" என்று இருப்பார்கள், ஊருக்கு வந்து இறங்கும்போதுதான் தெரியும். குற்ற எண்ணில் தேடி வரும் எல்லா வரிகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் எதிரி பட்டியலைப் பாருங்கள்.

*டிரான்ஸ்ஃபர் என்று இருந்தால்:* அதே பக்கத்தின் அடியில் எந்தக் கோர்ட்டிலிருந்து எந்தக் கோர்ட்டுக்கு, எந்தத் தேதியில் என்று இருக்கும்.

*அக்விட்டெட், கன்விக்டெட் என்று இருந்தால்:* இங்கேதான் வழக்கு உண்மையில் முடிந்திருக்கிறது. மேல்முறையீடு ஆனதா என்று செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ தனியாகப் பார்க்க வேண்டும்.

*வக்கீலிடம் போக வேண்டிய கட்டம்:* பிரிக்கப்பட்ட வழக்கில் உங்கள் பெயர் இருந்தாலோ, கடைசி வாய்தா விவரத்தில் என்.பி.டபிள்யூ. என்ற எழுத்துகள் தெரிந்தாலோ இணையத்தில் மேற்கொண்டு தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அது ஜாமீனில் விட முடியாத பிடியாணை. பிடியாணையைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போட வக்கீலோடு நேரில் போக வேண்டும். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். உதவி எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

அறிகுறி 4: அடுத்த வாய்தா தேதி பழையதாகவே நிற்கிறது

வாய்தா முடிந்த அன்று மாலை அல்லது மறுநாள்தான் புதுத் தேதி ஏறும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்புறமும் மாறவில்லை என்றால் அன்றன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட் பகுதிக்குப் போய், கோர்ட்டையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, கிரிமினல் பட்டியலைத் திறந்து உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நீதிபதி விடுப்பில் இருந்தாலோ பொறுப்பு நீதிபதி பார்த்தாலோ பதிவு தாமதமாகும்.

அங்கேயும் இல்லையென்றால் கோர்ட்டுக்கே போய் பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள், வழக்கு எண்ணைச் சொன்னால் டைரியைப் பார்த்துத் தேதி சொல்வார். எதிரியாக இருந்தால் இதில் அலட்சியம் கூடாது. தளத்தில் தேதி ஏறவில்லை என்பது வராததற்குக் காரணம் ஆகாது. போக முடியாத நாளில் வக்கீல் மூலம் வராமை மனு போட வேண்டும். பழக்கத்தில் இன்னும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 317 மனு என்றுதான் சொல்கிறோம், 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் அது பிரிவு 355.

சிஎன்ஆர் தெரிந்தவர்கள் போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பியும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஈகோர்ட்ஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிஎன்ஆர் எண்ணைப் போட்டு 9766899899-க்கு அனுப்ப வேண்டும். கிராமத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அறிகுறி 5: ஒரே பெயரில் பல வழக்குகள் வருகின்றன

மாப்பிள்ளை விசாரிப்பவர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இங்கே நிதானிக்க வேண்டும். கே. முருகன் என்று தேடினால் ஒரு மாவட்டத்திலேயே பக்கம் பக்கமாக வரும். திரையில் ஊரோ தகப்பனார் பெயரோ எப்போதும் இருக்காது. உறுதிசெய்ய ஒரே வழி, வழக்கில் உள்ள குற்ற எண்ணை எடுத்துக் காவல் துறைத் தளத்தில் எஃப்ஐஆரைத் திறந்து, தகப்பனார் பெயர், வயது, முகவரி மூன்றையும் ஒப்பிடுவது. மூன்றும் ஒருசேரப் பொருந்தாவிட்டால் அது வேறு ஆள் என்றே கொள்ளுங்கள்.

பொருந்தினாலும் எந்தப் பிரிவு, என்ன முடிவு என்று பாருங்கள். மறியலில் கலந்துகொண்டு கைதானவர் மீதும் வழக்கு இருக்கும். விடுதலை ஆனவரின் பெயரும் தளத்தில் இருக்கும்.

வேலைக்கோ வாடகைக்கோ முறையான சான்று வேண்டும் என்றால் அந்த நபரின் சம்மதத்தோடு காவல் துறைத் தளத்திலேயே சரிபார்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நீங்களாகத் தேடி முடிவுக்கு வருவதைவிட அதுதான் இரு தரப்புக்கும் நியாயம். வேறொருவரின் வழக்கு உங்கள் தலையில் விழுந்து சான்றிதழ் மறுக்கப்பட்டால், அப்போது வக்கீலைப் பாருங்கள்.

அறிகுறி 6: தீர்ப்பு திறக்கவில்லை, அல்லது இல்லவே இல்லை

போனில் பாப்-அப் தடையை எடுத்துவிட்டு, அல்லது கணினியில், மறுபடி திறந்து பாருங்கள். கேப்சா எழுத்து காலாவதியானால் பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். ஜாமீன் உத்தரவுகளும் இறுதித் தீர்ப்பும் ஏறியிருக்கலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் உத்தரவு இருக்காது.

குற்றப்பத்திரிகையைத் தளத்தில் தேட வேண்டாம். அது பொது ஆவணம் இல்லை, இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. எதிரிக்குக் கோர்ட்டே இலவசமாக நகல் கொடுக்கும்.

பதிவிறக்கிய தீர்ப்பை மேல்முறையீட்டுக்கோ பாஸ்போர்ட் அலுவலகத்துக்கோ கொண்டு போகாதீர்கள், சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனு போட்டு வாங்கலாம். வழக்கில் சம்பந்தம் இல்லாதவர் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 7: ஜாமீன் கிடைத்தது தெரியும், மாவட்டக் கோர்ட்டில் காணோம்

உயர் நீதிமன்றத்தில் வாங்கியிருப்பார்கள். அதற்குத் தேடும் பக்கம் தனி. அங்கே வழக்கு வகை பெரும்பாலும் கிரிமினல் ஓ.பி. சென்னையா மதுரைக் கிளையா என்று மாவட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தஞ்சாவூர் என்றால் மதுரை, பக்கத்துத் திருவாரூர் என்றால் சென்னை.

வாகன அபராதத்தைத் தேடுகிறவர்கள் ஈகோர்ட்ஸில் நேரம் செலவிட வேண்டாம், போக்குவரத்துத் துறையின் இ-சலான் தளத்திலும் விர்ச்சுவல் கோர்ட் தளத்திலும் பாருங்கள்.

அறிகுறி 8: கணினிக்கு முந்தைய பழைய வழக்கு

முடிந்துபோன பழைய வழக்குகள் பல தளத்தில் ஏறவே இல்லை. கோர்ட்டின் ரெக்கார்ட் ரூமில் தேட மனு கொடுக்க வேண்டும், ஆண்டும் வழக்கு எண்ணும் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஸ்டேஷனில் குற்ற எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வழக்குக் கட்டு அழிக்கப்பட்டிருந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அறிகுறி 9: வாட்ஸ்அப்பில் வந்த கோர்ட் நோட்டீஸின் எண் தளத்தில் இல்லை

கோர்ட் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். உடனே பணம் கட்டு, இல்லாவிட்டால் வீடியோ காலிலேயே கைது என்பார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

அவர்கள் அனுப்பிய இணைப்பை அழுத்தாமல், நீங்களாகவே ஈகோர்ட்ஸ் தளத்தைத் திறந்து பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். நோட்டீஸில் உள்ள சிஎன்ஆரைப் போடுங்கள். எண் இல்லை, அல்லது வேறு யாருடைய வழக்கோ வருகிறது என்றால் மேலே சொன்ன சோதனைகள் எதுவும் வேண்டாம். பேச்சைத் துண்டித்துவிட்டு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போய்விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம், எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குக் கணக்கை முடக்கி மீட்க வாய்ப்பு இருக்கும்.